பலகைக்குப் பின்னால் ஒரு வர்த்தமானி

வீதியோரத்தில் நிற்கும் ஒரு பலகை சட்டத்தின் முன்னாலும் நிற்க வேண்டுமென்றால் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். வீதி யாருடையது? பலகையை நட்டவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது எந்தச் சட்டம்? அந்த விதி எந்த வர்த்தமானியில் வந்தது? நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச சபை ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் நிருவாகப் பொறுப்புகளையும் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீதி, பஸ் தரிப்பிடம், முச்சக்கர வண்டித் தரிப்பிடம் என்று முகப்பில் எழுதிய கோப்புகள்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைத் தின்றன. அந்தக் கோப்புகளை மற்றவர்கள் விரும்புவதில்லை. பணமும் பெயரும் வராத கோப்புகள் அவை. ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கும் வளைவு அந்தத் தாள்களுக்குள் இருக்கிறது என்பதால் நான் அவற்றை விரும்பியே பார்த்தேன்.

முதலில் கொழும்பிலிருந்து வரும் பாதையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வீதிப் போக்குவரத்துக்குத் தாய்ச்சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். சட்டம் எலும்பைத்தான் தரும். வேகம், பலகை, தண்டப்பணம், ஆசனப்பட்டி, தலைக்கவசம் போன்ற விவரங்களெல்லாம் அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதிகளில் வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் முன்மொழிவைத் தயாரிக்கும். பொலிஸ் போக்குவரத்துத் தலைமையகமும் வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையும் தங்கள் கருத்தைச் சொல்லும். சட்ட வரைஞர் திணைக்களம் அதைச் சட்டமொழிக்குக் கொண்டுவரும். அரசியலமைப்போடும் தாய்ச்சட்டத்தோடும் முரண்படாமல் இருக்கிறதா என்பதைச் சட்டமா அதிபர் திணைக்களம் பார்க்கும். அமைச்சர் ஒப்பமிட்டதும் அரச அச்சகத்திலிருந்து அதிவிசேட வர்த்தமானியாக சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளிவரும். பின்னர் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டு, அமைச்சுசார் ஆலோசனைக் குழுவில் பேசப்பட்டு, சபையின் அங்கீகாரத்துக்கு வரும்.

இந்தப் பாதையில் ஒரு விஷயத்தைப் பொதுமக்கள் கவனிப்பதில்லை. பாராளுமன்றத்துக்கு வந்து சேரும்போது ஒழுங்குவிதி அச்சேறி முடிந்த தாள். அங்கீகரிக்கிறோம் அல்லது அங்கீகரிக்கவில்லை என்று சபை சொல்லலாம். அந்த நாற்பதை முப்பதாக்குங்கள், இந்த வீதியையும் சேருங்கள் என்று அங்கே திருத்திக்கொண்டிருக்க வழியில்லை. ஆகவே ஒரு விதியில் நம் குரல் இருக்க வேண்டுமானால், அது வரைவாக இருக்கும் காலத்திலேயே, அதற்கும் முன்னே, ஒரு கடிதமாகவும் ஒரு கூட்ட அறிக்கையாகவும் உள்ளே போயிருக்க வேண்டும். வேலைக்காலம் முழுக்க நான் நம்பியதும், இன்றைக்கும் வாதாடுவதும் இதைத்தான்.

குரல் எப்படி உள்ளே போகும் என்பதை 2016 இறுதியில் நாடே பார்த்தது. அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தில் சில போக்குவரத்துக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபா என்று முன்மொழியப்பட்டது. தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் சனம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பேச்சுவார்த்தை நடந்தது, முன்மொழிவு மீள ஆராயப்பட்டது. சிறு குற்றங்களுக்கான தண்டப்பணங்களின் திருத்தம் 2018 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. பஸ்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொழிலைப் பாதிக்கும் விதியில் பேச அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவர்களிடம் நிறுத்திவைக்க ஒரு பஸ் இருந்தது. கொழுந்துக்கூடையோடு வீதியோரமாக நடக்கிற பெண்ணிடம் எதை நிறுத்திவைக்க இருக்கிறது? அவளுக்காக ஓர் அலுவலகம் கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் வந்த வருடத்தை இன்னொரு முறை பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமைத் திருத்தமும் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக ஆக்கியிருந்த நேரம் அது. நாட்டின் வீதிகளுக்கெல்லாம் விதி எழுதப்பட்டபோது, மலையைப் பிளந்து அந்த வீதிகளைப் போட்டவர்களின் பிள்ளைகளுக்கு வாக்குச் சீட்டு இல்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் பெரும்பாலும் தீர்ந்தது 2003இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில், தோட்டத்துக்குள் ஒரு பாதைக்கு என்ன வேண்டும் என்பதைத் தொரை, அதாவது தோட்ட முகாமையாளர், தீர்மானித்தார். தொரையிடம் சொல்வதற்குத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் போனார். மனுவை எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்ற பழக்கமே எங்கள் ஆட்களிடம் வளரவில்லை என்றால் அதற்கு இந்த வரலாறு காரணம்.

இனி வீதி யாருடையது என்ற முதல் கேள்வி. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா வரும் ஏ-7 அப்படி ஒன்று. கம்பளையிலிருந்து இறம்பொடை ஏறி வரும் ஏ-5 இன்னொன்று. சீ, டீ தர வீதிகள் மாகாணத்தினுடையவை. அதற்குக் கீழே பிரதேச சபை வீதிகள். இவை எதிலும் சேராமல், ஏ வீதியிலிருந்து கிளம்பி டிவிசன் டிவிசனாக மலையைச் சுற்றிப் போய் லயங்களையும் பாடசாலையையும் பாக்டரியையும் தொடுகிற பாதைதான் தோட்டப் பாதை. எங்கள் மக்களில் பெரும்பாலானோர் தினமும் நடப்பது இந்தப் பாதையில்தான்.

என் மேசைக்கு வந்த கோப்புகளில் ஒரு தோட்டப் பாதையின் கோப்பு மற்றவற்றைவிடத் தடிப்பானது. வளைவு ஒன்றின் உள்பக்கத்தில் கொழுந்து மடுவம். வெளிப்பக்கத்தில் பிள்ளைக்காம்பரா, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பெண்கள் வீதி வரைக்கும் வரிசையில் நிற்பார்கள். வேலை முடிந்து பிள்ளையைத் தூக்கப் போகிறவர்கள் அந்த இடத்தில்தான் குறுக்கே ஓடுவார்கள். மரக்கறி லொறிகள் அந்தப் பாதையைக் குறுக்குவழியாகப் பிடிக்கத் தொடங்கியதும் ஆபத்து கூடிப்போனது. வேகத்தைக் குறைக்க ஒரு பலகையும் ஒரு மேடும் வேண்டும் என்று தோட்டத் தலைவரும் பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரும் சேர்ந்து மனு கொண்டுவந்தார்கள்.

மனுவை நான் நாலு பக்கமும் அனுப்பினேன். ஏ வீதியும் இல்லை, பீ வீதியும் இல்லை, எங்களுக்கு உரியதல்ல என்று ஒரு பதில். மாகாணப் பட்டியலில் இல்லை என்று இன்னொன்று. காணி அரசினுடையது, 1992இல் நிர்வாகம் குத்தகைக்கு வந்தது, பொதுப் போக்குவரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கம்பனியிலிருந்து ஒன்று. எங்கள் சபையே செய்யலாமே என்று தவிசாளரிடம் போனால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார்கள். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடப் போனால் கணக்காய்வுக் கேள்வி வரும் என்ற பயம் அந்தப் பிரிவால் எல்லாச் சபைகளிலும் இருந்தது. வரி கட்டும், வாக்குப் போடும் மக்களுக்கு ஒரு தகரப் பலகை நடச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

கடைசியில் தோட்டத்து வெல்டிங் பட்டறையில் ஒரு தகரத்தை வெட்டி, "20" என்று வர்ணம் பூசி, கொங்கிறீட்டில் நட்டுவிட்டார்கள். கொஞ்சக் காலம் பயன் இருந்தது. பிறகு ஒரு நாள் லொறி ஒன்று மடுவத்து வரிசையில் நின்ற பெண்ணின் காலை நசுக்கிவிட்டது. வழக்கில் இரண்டு குற்றச்சாட்டுகள். கவனயீனமாக ஓட்டியது நிரூபணமாயிற்று. வேகப் பலகையை மீறியது என்ற குற்றச்சாட்டில் சாரதியின் சட்டத்தரணி எழுந்து, இந்தப் பலகை எந்த அதிகாரியால், எந்த ஒழுங்குவிதியின் கீழ் நடப்பட்டது என்று கேட்டார். விடை சொல்ல யாரும் இல்லை. இலங்கையில் வீதிப் பலகைகளின் வடிவம், நிறம், குறி எல்லாம் 1987 மார்ச் மாதத்து அதிவிசேட வர்த்தமானியில் வகுக்கப்பட்டவை. பட்டறைத் தகரம் அதில் எதோடும் பொருந்தவில்லை. சட்டத்தரணி தன் கடமையைச் செய்தார். அதிகாரம் உள்ளவர்கள் யாராவது தங்கள் கடமையைச் செய்திருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

அந்தப் பெண் பின்னாளில் ஓர் அத்தாட்சிக் கடிதத்துக்காக அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, "போர்டு போட்டும் சட்டத்துல செல்லாதுனு சொல்லிட்டாங்களே மிஸ், அப்ப எந்த போர்டுதான் செல்லும்?" என்று கேட்டார். அவருக்கு நான் அன்றைக்கு வர்த்தமானி என்றால் என்னவென்று விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அதை எங்க போய் கேக்கணும்?" என்றார். அலுவலர்கள் பலரும் என்னிடம் கேட்காத கேள்வி.

33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. தோட்ட மக்களின் குடியிருப்புகளுக்கும் பாதைகளுக்கும் பிரதேச சபை வேலை செய்யலாம் என்ற வாசல் அப்போதுதான் திறந்தது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளும் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாகின. தவிசாளரைப் பார்க்க ஒரு முழு நாள் பஸ்ஸில் போய்வரத் தேவையில்லாமல் போனது பெரிய விஷயம். மலையகத்துக்கு அண்மைக்காலத்தில் கிடைத்த சட்ட மாற்றங்களில் இந்தத் திருத்தத்தை நான் உயர்ந்த இடத்தில் வைக்கிறேன். ஆனால் செய்யலாம் என்று சட்டம் சொல்வது வேறு, செய் என்று யாராவது கேட்பது வேறு.

சபைக்குத் தன் கையால் ஆக்கக்கூடிய விதி துணைவிதி. முச்சக்கர வண்டித் தரிப்பிடத் துணைவிதி அதற்கு நல்ல உதாரணம். சபையில் தீர்மானம் நிறைவேற வேண்டும். மாகாணத்தின் உள்ளூராட்சி அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். வர்த்தமானியில் வர வேண்டும். மாகாணம் தயாரித்து வைத்திருக்கும் மாதிரித் துணைவிதியை அப்படியே ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானித்தால் வேலை சீக்கிரம் முடியும். பல சபைகள் அப்படித்தான் செய்கின்றன. எங்கள் சபையில் தயாரித்தபோது நான் செயலாளரிடம் ஒரு கூட்டத்துக்கு அனுமதி கேட்டு வாங்கினேன்: ஆட்டோ ஓட்டும் தம்பிமார், கடைக்காரர்கள், பாடசாலை அதிபர், பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுப் பொறுப்பதிகாரி எல்லோரும் ஒரே மேசையில்.

அந்தக் கூட்டம் சண்டையாகத்தான் தொடங்கியது. தரிப்பிடத்தை இறக்கத்தின் அடியில், கடைத்தெருவை விட்டுத் தள்ளி வைப்பதாக வரைபடம் இருந்தது. நெரிசல் குறையும் என்பது கணக்கு. வயதில் மூத்த ஓட்டுநர் ஒருவர் எழுந்து வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். "மிஸ், பனி இறங்குனா மேலருந்து வர்ற லொறிக்கு அடியில நிக்கிற ஆட்டோ தெரியாது. பிரேக் சூடாகி வர்ற எடம் அது. எங்களை மேல, ஆஸ்பத்திரி மதில் ஓரமா போடுங்க. லொறி அங்க ஏத்தத்துல மெதுவாத்தான் வரும்" என்றார். பொறுப்பதிகாரி உடனே தலையாட்டினார். மாகாணத்திலிருந்து வந்த எந்த மாதிரித் துணைவிதியிலும் பனி என்று ஒரு சொல் கிடையாது. தரிப்பிடம் மேலே போனது. அதன்பின் அந்த இறக்கத்தில் ஆட்டோ ஒன்றும் அடிபடவில்லை.

பனியும் இறக்கமும் நம் விதிகளில் ஏன் இல்லை என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கட்டடங்கள் நிறைந்த பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் என்ற எல்லை சமதரையின் நேர்வீதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இறம்பொடை வளைவுகளில் 50இல் இறங்கும் கனரக வாகனம் சட்டத்தை மீறாமலேயே பள்ளத்தில் விழலாம். மலைநாட்டு ஓட்டுநர் கியரால் வண்டியைப் பிடிப்பார். வெளியூர்ச் சாரதி பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். லைனர் கருகும் வாசனை வரும்போது அநேகமாக நேரம் கடந்திருக்கும். இந்த வித்தியாசத்தை ஒழுங்குவிதியாக எழுதலாம். நீண்ட இறக்கத்துக்கு முன்னால் கனரக வாகனங்கள் நின்று பிரேக்கைச் சோதிக்கும் கட்டாய இடம், தாழ்ந்த கியர் பலகை, இறக்கத்துக்கென்று தனி வேக எல்லை என்று எழுதக்கூடியவை இருக்கின்றன. உலகின் பல மலைநாடுகளில் இவை சாதாரணமாக நடைமுறையில் உள்ளவை.

2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை ஒன்றின் மாணவர்களைச் சுற்றுலா அழைத்து வந்த பஸ் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வேனிலும் ஆட்டோவிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். மாணவர்கள் பலர் காயமடைந்தார்கள். அந்தக் குறுக்கு வீதியைத் தெரியாத சாரதி இந்தப் பக்கத்தில் கிடையாது. தூரம் குறையும், சரிவு கூடும். அதில் பெரிய வாகனங்கள் இறங்கக் கூடாது என்று தேநீர்க் கடைகளில் எத்தனையோ வருடங்களாகப் பேசிக்கொண்டோம். விபத்துக்குப் பின்னர் கனரக வாகனங்கள் அந்த வீதியில் செல்லாதபடி தடை இறுக்கமாக்கப்பட்டது. தேநீர்க் கடையில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை, இரண்டு முனையிலும் மறிக்கும் தடையாக மாறுவதற்கு ஏழு உயிர் போக வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

2025 மே 11 அதிகாலை, கொத்மலை கெரண்டி எல்லவில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் வெசாக். மறுபடியும் ஆசனப்பட்டி பற்றியும் பஸ்களின் தகுதி பற்றியும் கொழும்பில் அவசரமாகப் பேசினார்கள். பேசியது நல்லதுதான், ஆசனப்பட்டி உயிரைக் காக்கும். ஆனால் எந்த வளைவில் மதில் உடைந்து கிடக்கிறது, எந்த இறக்கத்தில் விளக்கு இல்லை என்ற பட்டியல் அமைச்சின் மேசைக்கு மேலிருந்து வராது. அது இங்கேயிருந்துதான் போக வேண்டும்.

அப்படிப் போவதற்கான வழிகளும் சில வருடங்கள் அடைபட்டே கிடந்தன. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, மறுதேர்தல் நடக்கவில்லை. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகுதான் உறுப்பினர்கள் திரும்பினார்கள். இடையில் சபை மண்டபங்களில் அலுவலர்கள் மட்டுமே இருந்தோம். குப்பை அள்ளினோம், சம்பளம் கொடுத்தோம். ஆனால் தங்கள் வளைவைப் பற்றி மக்கள் சத்தம் போட்டுக் கேட்க எதிரில் ஒரு தெரிவு செய்யப்பட்ட ஆள் இல்லை. அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இப்போதும் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் மனு எழுதக் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். முதல் வரியில் வீதியின் தரத்தையும் இலக்கத்தையும் எழுதுங்கள். தோட்டப் பாதை என்றால் அப்படியே எழுதி, 33ஆம் பிரிவின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பழைய பதில்தான் வரும். அந்த இடத்தின் வரைபடம் ஒன்றைக் கையாலாவது போட்டு, பாடசாலை, பிள்ளைக்காம்பரா, மடுவம், பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். அதிபரின் கடிதத்தையும், முன்னர் நடந்த விபத்துகளுக்குப் பொலிஸில் போட்ட முறைப்பாடுகளின் இலக்கங்களையும் இணையுங்கள். பனி விழும் மாதங்களையும் கொழுந்து நிறுக்கும் நேரங்களையும் எழுதுங்கள். பொறியியலாளர் வெயில் காயும் ஒரு பகலில் வந்து பார்த்துவிட்டுப் போனால் அவை அவருக்குத் தெரியாது. தவிசாளருக்கு ஒரு பிரதி, பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கு ஒரு பிரதி, பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி, மாவட்டச் செயலாளருக்கு ஒரு பிரதி. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுக்கும்படி உங்கள் பாராளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள், கூட்ட அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறதா என்று பிறகு போய்ப் பாருங்கள். தமிழில் எழுதுங்கள்; நமது பிரதேச செயலகங்களில் தமிழில் எழுதி தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை மனுவின் பிரதியோடு தைத்து வையுங்கள்.